திரியும் சொற்கள்



ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘ஸ்ட்ரோல்’ என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுவர். மெல்ல உலாவுதல் என்றிருக்கும். ‘ஸாண்டர்’ என்பதற்குத் தேடுவர்; அங்கும் ஏறத்தாழ அதுவே இருக்கும். ‘லாய்ட்டர்’, ‘ராம்பிள்’, ‘ரோம்’, ‘வாண்டர்’, ‘டாடில்’, ‘லோஃப்’, ‘மியாண்டர்’, ‘டிரிஃப்ட்’ என ஒரு பெருங்கூட்டமே வரிசையில் நிற்கும். விரைவும் இல்லை, குறித்த இலக்கும் இல்லை. அத்தகைய இயக்கத்தை உணர்த்த ஒரு மொழிக்கு இத்தனை சொற்கள் எதற்கு என்று இளைஞர்கள் வியப்பது இயல்பே.

வடசென்னையில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில், வேதாரணிய உப்பு அறப்போரைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிய மாணவன் ஒருவன், இராசாசியும் தொண்டர்களும் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு ‘ஸாண்டர்’ செய்தனர் என்று எழுதியிருந்தான். நான் அச்சொல்லைச் சிவப்பு மையால் சுழித்ததும் அவன் எழுந்து நின்று, “சார், மெல்ல நடத்தல் என்றுதானே அகராதியில் போட்டிருக்கிறது? அவர் வயதானவர், மெல்லத்தானே நடந்திருப்பார்?” என்றான். வகுப்பு சிரித்தது. இராசாசிக்கு 1930இல் ஐம்பத்தோரு வயதுதான் என்று நான் சொன்னேன். ஆனால் அதுவன்று விடை. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் புறப்பட்டு, சுமார் 150 மைலைப் பதினைந்து நாளில் கடந்த அப்படைக்கு இலக்கு ஒன்று இருந்தது. அவர்களுக்கு உணவோ உறையுளோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவர் எச்சரித்திருந்தார். அந்த நடையை ‘ஸாண்டர்’ என்றால், கையை வீசிக்கொண்டு கடற்கரையில் காற்று வாங்கப் போனார்கள் என்று பொருள்படும். சொற்கள் பொருளால் நெருங்கியிருப்பினும் பிறப்பால் வேறுபட்டவை; பிறப்பின் வாசனை அவற்றை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

ஒரு பொருள் குறித்த பல சொற்களைத் தொகுத்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இலண்டன் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜெட் 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தை ஆங்கிலேயர் பெருமையுடன் பேசுவர். சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் கருத்து வரிசையில் அடுக்கியதே அதன் சிறப்பு. அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்பே தமிழில் திவாகர நிகண்டு தோன்றிவிட்டது. அதன் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்று செயல் பற்றிய பெயர்களுக்கென்றே அமைந்தது. அதனினும் பழைய தொல்காப்பியம், உரியியலில், அலமரல், தெருமரல் என்னும் இரண்டும் சுழற்சிப் பொருளன என்று வகுக்கிறது. எனினும் நிகண்டுகள் இவையெல்லாம் ஒரு பொருளன என்று சொல்லி நின்றுவிடும். எச்சொல் எங்கிருந்து வந்தது, எவ்வழியாக நடந்தது என்பதை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

முதலில் ‘ஸாண்டர்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அறிஞர் தோரோ, அவர் மறைந்த 1862இல் வெளிவந்த ‘நடத்தல்’ என்னும் கட்டுரையில், இச்சொல் பிரெஞ்சு மொழியில் திருநாடு எனப் பொருள்படும் சொற்றொடரிலிருந்து பிறந்தது என்னும் கதையைச் சுவைபட எடுத்துரைத்தார். நடுக்காலத்தில் எருசலேமுக்குத் திருப்பயணம் போவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் பிச்சையெடுத்துத் திரிந்தவர்களைக் கண்டு, ‘இதோ திருநாட்டுக்காரன் போகிறான்’ என்று சிறுவர்கள் கூவினராம். கதை இனிது; ஆனால் மொழிநூலார் அதனை ஒப்புவதில்லை. அச்சொல்லுக்கு முற்காலத்தில் சிந்தனையில் ஆழ்ந்திருத்தல் என்றே பொருள் இருந்தது. உலாவுதல் என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ‘ரோம்’ என்னும் வினையும் உரோமாபுரிக்குச் சென்ற யாத்திரிகரிடமிருந்து வந்ததென்று சொல்வர். அதற்கும் சான்று போதாது. ஆனால் குதிரையின் மிதமான ஓட்டத்தைக் குறிக்கும் ‘கான்டர்’ மெய்யாகவே யாத்திரையில் பிறந்த சொல். 1170இல் கான்டர்பரிப் பேராலயத்தில் கொல்லப்பட்ட தாமஸ் பெக்கெட்டின் கல்லறையை வணங்கச் சென்றோர், தம் குதிரைகளை அவசரமின்றிச் செலுத்திய நடைக்குக் ‘கான்டர்பரி நடை’ என்று பெயர் வழங்கிற்று; ஊர்ப்பெயர் பின்னர்க் குறுகி வினையாயிற்று.

‘மியாண்டர்’ ஓர் ஆற்றின் பெயர். இன்றைய துருக்கி நாட்டின் மேற்கில் வளைந்து நெளிந்து ஏஜியன் கடலில் கலக்கும் அந்த ஆற்றைப் பண்டைக் கிரேக்கர் மையாண்டரோஸ் என்றனர். ஒருவன் வளைந்து வளைந்து நடந்தாலும் பேசினாலும் அந்த ஆற்றின் பெயரால் ஆங்கிலம் அதனைச் சொல்கிறது. எங்கள் எர்ணாவூருக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேரும் கொற்றலையாறும் அவ்வாறு வளைந்து வருவதே. அதனிடமிருந்து உலகம் இன்னும் ஒரு சொல்லைக் கடன் வாங்கவில்லை. ஆயினும் தமிழர் ஆற்றைக் கண்ட முறை வேறு. நமக்கு ஆறு என்றாலே வழி என்றும் பொருள். எத்துணை வளைந்தாலும் அது போகும் இடம் அறிந்து போகிறது என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

இனி, இக்கூட்டத்தில் சற்று இருண்ட முகம் கொண்ட சொற்களுக்கு வருவோம். ‘லாய்ட்டர்’ என்பது ஆட்டங்கண்ட பல்லைப் போலத் தளர்ந்து அசைதலைக் குறித்த பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஸ்ட்ரோல்’ என்பதும் இன்று நாம் நினைப்பது போல அவ்வளவு சாதுவான சொல்லன்று. ஊர்சுற்றி எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் உறவு அதற்கு உண்டு என்பர். ஊர் ஊராகச் சென்று கூத்தாடிய நாடகக் குழுவினர்க்கும் அதுவே அடைமொழியாயிற்று. அக்குழுவினரை இங்கிலாந்தின் சட்டம் எவ்வாறு நடத்தியது என்பதை அறிந்தால் நீங்கள் திகைப்பீர்கள். 1572ஆம் ஆண்டுச் சட்டம், பிரபு ஒருவரின் ஆதரவில் இல்லாத நாடகக்காரரை நாடோடிக் கயவர் வரிசையில் வைத்தது. அவ்வரிசையில் அகப்பட்டவர்க்குக் கசையடியும், வலக்காதின் குருத்தெலும்பில் சூட்டுக்கோலால் துளையும் தண்டனை. ஷேக்ஸ்பியருக்கு அப்போது எட்டு வயது. பிற்காலத்தில் அவர் சேர்ந்த குழு பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கி நின்றது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இந்தக் கடுமைக்கு வேர் இன்னும் பழையது. 1348இல் இங்கிலாந்தில் புகுந்த கொள்ளைநோய் மக்களுள் மிகப் பலரை மாய்த்தது. எஞ்சிய உழவர்கள் கூடுதல் கூலி தேடி ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கினர். நிலவுடைமையாளர்க்கு அது பொறுக்கவில்லை. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும், தன் இடத்தை விட்டு நீங்கலாகாது என்று 1351இல் சட்டம் வந்தது. உழவன் நடந்தது கூலிக்காக; சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அது திரிதலாகத் தோன்றிற்று. நெப்போலியப் போர்கள் முடிந்து வேலையற்ற படைவீரர் தெருக்களில் நிறைந்த பின்னர், 1824இல் நாடோடிச் சட்டம் ஒன்று மீண்டும் இயற்றப்பட்டது.

அச்சொற்கள் கப்பலேறி நம் நாட்டிற்கும் வந்தன. ‘லோஃபர்’ என்பது 1830களில் அமெரிக்காவில் தோன்றிய சொல். அதிலிருந்துதான் ‘லோஃப்’ என்னும் வினையைப் பின்னர்ப் பிரித்தெடுத்தனர். இந்தியாவில் அது முதலில் யாரைக் குறித்தது தெரியுமா? வெள்ளையரைத்தான். படையிலிருந்து விலக்கப்பட்டவர், கப்பலை விட்டு இறங்கிய மாலுமி, இருப்புப்பாதை வேலை முடிந்ததும் கைவிடப்பட்டவர் ஆகிய ஏழை ஐரோப்பியர் துறைமுக நகரங்களில் அலைந்தது ஆள்வோருக்கு மானக்கேடாகப் பட்டது. ஆளும் இனத்தான் கையேந்தி நிற்பதை ஆளப்படுவோர் காணலாகாது அன்றோ? ஆகவே 1869இல் ஐரோப்பிய நாடோடிகள் சட்டமும், அதற்கு மாற்றாக 1874இல் விரிவான மற்றொரு சட்டமும் பிறந்தன. அவற்றின்படி அத்தகையோரைத் தொழிற்கூடத்தில் அடைக்கலாம். நாட்டை விட்டே கப்பலேற்றி அனுப்பலாம். நம் தெருக்களில் இளைஞர்கள் ஒருவரையொருவர் ‘லோஃபர்’ என்று ஏசிக்கொள்ளும்போது, ஏழை வெள்ளையனுக்கு ஆங்கில அரசு சூட்டிய பட்டத்தையே எடுத்தாள்கின்றனர்.

வெள்ளையரை ஊருக்கு அனுப்பிவிடலாம். சொந்த நாட்டிலேயே திரிபவரை எங்கே அனுப்புவது? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911இல் திருத்தி இயற்றப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. இதில் உப்பின் கதையும் அடங்கியிருக்கிறது. சங்க காலத்து உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்றதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பிற்காலத்தில் கொறவர் எனப்பட்ட குறவர் குடியினருள் பலர் மாடுகளின் மீதும் கழுதைகளின் மீதும் கடற்கரை உப்பை ஏற்றிச் சென்று, மேட்டு நிலத்துத் தானியத்தை மாற்றாகக் கொண்டுவந்தனர். கும்பினி அரசு 1805இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. பாதை நீள நீள உப்பு மூட்டைகள் வண்டியில் ஏறின, மாடுகள் நின்றுவிட்டன. வாணிகம் இருந்தவரை அக்குடியினரின் நடையைப் பயணம் என்றவர்கள், அது போனபின் அதே நடையைத் திரிதல் என்றனர். திரிதலை ஐயத்திற்குரியது என்றனர். ஐயத்திற்குரியதைக் குற்றமென எழுதி வைத்தனர். அறிவிக்கப்பட்ட குடியில் பிறந்தவர் காவல் நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். ஊர்விட்டுச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுமைக்கும் 1952 ஆகஸ்டு 31ஆம் நாளிலும் அச்சட்டம் நீங்கிற்று. ஒரு சொல்லுக்கு எந்தப் பொருளைத் தேர்கிறோம் என்பது வெறும் இலக்கணச் சிக்கல் என்று எண்ணும் மாணவர்கள் இந்த எண்பத்தோர் ஆண்டுகளை நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

நம் தமிழும் இவ்வகையில் குற்றமற்றதன்று. பரதேசி என்றால் அயல்நாட்டான், யாத்திரிகன் என்பதே முதற்பொருள். அத்தகையோர் தங்கிச் செல்லச் சத்திரங்கள் கட்டிய நாடு இது. அச்சொல்லை இன்று ஒருவர் மீது வீசினால் கைகலப்பு நேரும். ஊரூராகத் திரிந்த துறவி பட்டினத்தார் இறுதியில் அமைந்த இடம் எங்களுக்கு அண்மையிலுள்ள திருவொற்றியூர்க் கடற்கரை. இன்றும் அங்கு வணங்குவோர் கூட்டம் உண்டு. அதே திருவொற்றியூரில்தான், உன்னைப் பிரிந்து செல்லேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியார்க்குச் சுந்தரர் சூளுரைத்தார் என்றும், ஆரூர் நினைவு வந்து அச்சூளை மீறி ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணிழந்தார் என்றும் பெரிய புராணம் கூறும்.

மெல்ல இயங்குதலைத் தமிழர் எவ்வளவு நுணுக்கமாக நோக்கினர் என்பதற்குத் தியாகராசர் கோயில்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. திருவாரூர் முதலிய ஏழு விடங்கத் தலங்களில் இறைவன் திருவுலா வரும்போது ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமான அசைவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆரூரில் அசபா நடனம், மூச்சின் அசைவு. நள்ளாற்றில் உன்மத்த நடனம், பித்தனின் அசைவு. காறாயிலில் கோழியின் நடை. கோளிலியில் வண்டின் சுழற்சி. வாய்மூரில் நீர்மேல் தாமரையின் ஆட்டம். மறைக்காட்டில் அன்னத்தின் அடி. கடலோர நாகையிலோ அலையின் எழுச்சியும் தாழ்ச்சியும். பல்லக்கைச் சுமப்போரின் தோளும் காலும் இந்த வேற்றுமையைக் காட்ட வேண்டும். உலா என்னும் சொல்லுக்கு இத்தகைய மதிப்பு இருந்ததனால்தான், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழர் மூவர் மீது உலா என்றே நூல்கள் செய்தார்.

இன்னும் இரு சொற்களைக் கூறாமல் விடுதல் தகாது. ‘திரி’ என்னும் வினைக்குச் சுற்றித் திரிதல் என்றும் பொருள். வேறுபடுதல் என்றும் பொருள். பால் திரிந்துவிட்டது என்கிறோம். இலக்கணத்தில் திரிபு என்கிறோம். ஓரிடத்தில் நில்லாதது தன் இயல்பிலும் நில்லாது என்னும் கருத்து அச்சொல்லுக்குள் இருக்கிறது. மற்றொன்று ‘அலை’. கடலின் திரையும் அலை. ஓய்வின்றிச் சுற்றுதலும் அலைதல். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தொடர்பில்லாத இரு சொற்கள் வேண்டியிருக்கின்றன. காலாற நடத்தல், காற்று வாங்குதல் என்னும் நம் தொடர்களுக்கும் ‘ஸ்ட்ரோல்’ என்பது முழுமையாக ஈடாகாது. நடந்தால் கால் வலிக்கும் என்பர் பிறர். நடந்து கால் ஆறும் என்பவன் தமிழன்.

இனி எஞ்சியிருப்பது ‘டிரிஃப்ட்’. செலுத்துதல் என்று பொருள்படும் ‘டிரைவ்’ என்னும் சொல்லின் உடன்பிறப்பு இது. மிதந்து போவது தானாகப் போகவில்லை, ஏதோ ஒன்றால் தள்ளப்படுகிறது என்பதை அச்சொல்லின் பிறப்பே உணர்த்துகிறது. எர்ணாவூர் மக்களுக்கு இது வீடுவாசல் பற்றிய சொல்.

சோழமண்டலக் கரையோரமாக மணல் ஓயாது நகர்ந்துகொண்டே இருக்கிறது. மார்ச்சு முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கே தள்ளும். சென்னைக் கரை மீனவர் வடக்கே செல்லும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், தெற்கே செல்வதை வன்னி என்றும் பெயரிட்டழைப்பர். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1876இல் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பத் தொடங்கினர். 1881 நவம்பர்ப் புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். வடக்கே சென்றுகொண்டிருந்த மணல் அச்சுவரில் முட்டி நின்றது. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயில் தூர்ந்துவரவே, 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதனை மூடி, வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார்.

நின்ற மணல் தெற்கே குவிந்தது. குவிந்து பரந்த அம்மணலின் ஓரத்தில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாச்சாலை அமைத்து, இத்தாலியச் சாயலில் அதற்கு மெரினா என்று பெயர் சூட்டினார். சென்னை மக்கள் அன்று தொட்டு மாலையில் காற்று வாங்கும் அகன்ற மணற்பரப்பு பெரும்பாலும் இவ்வாறு உண்டானதே. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. அலையோ தன் பங்கைத் தவறாமல் எடுத்துக்கொண்டது. குப்பங்களின் முன்வரிசை வீடுகள் போயின. பின்வரிசை முன்வரிசை ஆயிற்று. கரையோரச் சாலையையும் கடல் பலமுறை அரித்தது. அரிப்பைத் தடுக்க முதலில் கருங்கற்களைக் கொட்டினர். இந்நூற்றாண்டில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளைக் கட்டினர். ஒவ்வொரு வளைவும் தனக்குத் தெற்கே சிறிது மணலைப் பிடித்துக்கொள்கிறது; தனக்கு வடக்கேயுள்ள கரையைப் பட்டினி போடுகிறது.

2017 சனவரி 28ஆம் நாள் அதிகாலை, எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எரியெண்ணெய் கரையோரமாகத் தெற்கே நகர்ந்தது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில், கற்களின் இடுக்கில், கருஞ்சேறாகத் திரண்டு நின்றது. இயந்திரங்களால் உறிஞ்ச இயலாத அளவு அது தடித்திருந்தமையால், மீனவரும் தொண்டுள்ளம் கொண்ட இளைஞரும் வாளிகளால் அள்ளி அள்ளி ஊற்றினர். மாணவர் பலர் அதில் இருந்தனர். மோதல் நிகழ்ந்த இடமோ எங்கள் ஊருக்கு வடக்கே. அந்த எண்ணெய் ஏன் எங்களிடம் வந்தது என்று அப்போது சிலர் கேட்டனர். அது தை மாதம். நீர் வன்னியாக ஓடும் காலம். அதே மோதல் ஆனியிலோ ஆடியிலோ நிகழ்ந்திருப்பின் அந்த எண்ணெய் தெண்டியில் ஏறிப் பழவேற்காட்டுப் பக்கம் போயிருக்கக்கூடும்.